அரக்க உருவில் தலைவர்கள்: பொம்மை வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆப்ரகாம் லிங்கனைப் பிராங்கன்ஸ்டைனின் அரக்கனாகவும், ஒபாமாவை டிராகுலாவாகவும், ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை ஜோம்பியாகவும் வடித்த அமெரிக்கப் பொம்மைகளைச் சேகரிக்க விரும்புகிறேன். இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டதாகவும், தேர்தல் ஆண்டு வந்தால் விலை ஏறும் என்றும் விற்பவர் கூறுகிறார். முதலீடாகக் கருதி முழு வரிசையையும் வாங்கலாமா?

பதில்: முதலீடு என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம். பழைய பொம்மைகள் சில இன்று பெரும் விலைக்குப் போவதற்குக் காரணம், அவை கடைக்கு வந்த காலத்தில் யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தவில்லை என்பதே. 1970களில் மெகோ நிறுவனம் வெளியிட்ட எட்டு அங்குல அரக்கப் பொம்மைகளைக் குழந்தைகள் உண்மையாகவே விளையாடித் தீர்த்தார்கள். ஆடைகள் கிழிந்தன, கைகால்களை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் அறுந்தது, பெட்டிகள் குப்பைக்குப் போயின. தப்பிப் பிழைத்தவை குறைவாக இருப்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு. தலைவர்களை அரக்கர்களாக்கிய பொம்மைகளோ தொடக்கத்திலிருந்தே பெரியவர்களுக்காக, சேகரிப்புப் பொருள் என்று சொல்லியே விற்கப்பட்டவை. அவற்றை வாங்கியவர்களில் பலர் பெட்டியைத் திறக்கவே இல்லை. உற்பத்தி நின்றதால், ஏற்கெனவே அலமாரிகளில் பத்திரமாக இருப்பவை குறைந்துவிடப் போவதில்லை.

அரக்கப் பொம்மை சேர்ப்பவர்களும் அரசியல் நினைவுப்பொருள் சேர்ப்பவர்களும் போட்டி போட்டு வாங்குவார்கள் என்ற வாதத்தையும் விற்பவர்கள் முன்வைப்பதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் கூட்டத்தார் திரையில் பார்த்த டிராகுலாவையே தேடுகிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் பிரசாரத்தில் உண்மையாகவே பயன்பட்ட சட்டை பேட்ஜுகளையும் சுவரொட்டிகளையும் நாடுகிறார்கள். இரண்டையும் ஒருசேர விரும்புவோர் சிறு வட்டமே. விலையைத் தெரிந்துகொள்ள விரும்பினால், விற்பவர்கள் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, முடிந்த விற்பனைகளில் கைமாறிய தொகையை மட்டும் பாருங்கள்.

வரிசை முழுவதையும் வாங்குவதைவிட, முகம் நன்றாக வந்திருக்கும் ஒன்றிரண்டை எடுப்பது நல்லது. பெட்டியிலுள்ள பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, கோரைப்பல்லுக்கும் தையல் தழும்புக்கும் பின்னால் அந்தத் தலைவர் தெரிகிறாரா என்று பாருங்கள். லிங்கனின் ஒட்டிய கன்னமும் மீசையில்லாத தாடியும் எந்த ஒப்பனையையும் தாங்கி நிற்கும். எல்லாத் தலைவர்களுக்கும் அப்படிப்பட்ட முகம் வாய்ப்பதில்லை.

கேள்வி: இணையத்தில் ஒருவர் “பெட்டி திறக்கப்படாதது” என்று ஒரு பொம்மையை விற்கிறார், கூடவே அந்தத் தலைவரின் “அசல்” தேர்தல் பேட்ஜ் ஒன்றையும் தருவதாகச் சொல்கிறார். படங்களை மட்டும் வைத்து எதைச் சரிபார்ப்பது?

பதில்: பெட்டியின் எல்லா ஓரங்களையும், மூடும் மடிப்புகளையும், ஒட்டுநாடா ஒட்டியிருக்கும் இடத்தையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுநாடாவைப் பிரித்து மீண்டும் ஒட்டியிருந்தால் அட்டையின் மேல்தாள் அங்கே உரிந்திருக்கும், அல்லது பழைய பசையின் தடம் புதிய நாடாவுக்கு வெளியே தெரியும். பொம்மை, அட்டையோடு ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் இருந்தால் அந்தக் குமிழின் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். மறுபடி ஒட்டப்பட்ட குமிழில் பசை சீராக இருக்காது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் காப்புரிமை ஆண்டு வடிவமைப்புக்கு உரியது. அந்தப் பெட்டி அதே ஆண்டில்தான் தயாரானது என்று அது உறுதி கூறுவதில்லை.

பிரித்த பொம்மை என்றால் கவலை வேறு விதமானது. மேலங்கி, கைத்தடி, தாங்கு பீடம் போன்றவைதான் முதலில் தொலைகின்றன. ஒன்று குறைந்தாலும் திரும்ப விற்கும்போது விலை வெகுவாக இறங்கும். பெட்டியின் பின்புறப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

பேட்ஜ் விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. 1973ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பொழுதுபோக்குச் சேகரிப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழைய தேர்தல் பொருள்களின் நகலைத் தயாரிப்பவர் அது தயாரான ஆண்டை அதன்மீதே அழியாதபடி குறிப்பிட வேண்டும். அவ்வாறு பிற்கால ஆண்டு பொறித்திருந்தால் அது நகல். ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன்பே ஏராளமான நகல்கள் விளம்பரத்துக்காக வெளியாகியிருப்பதால், ஆண்டு இல்லை என்பது அசலுக்குச் சான்றாகாது. பேட்ஜை இலவச இணைப்பாக மட்டும் கருதி, பொம்மைக்கு என்ன தரலாமோ அதைத் தாருங்கள்.

கேள்வி: நான் வாங்கிய பிராங்கன்ஸ்டைன் பொம்மையில் பழைய படத்தில் உள்ளது போன்ற தட்டையான தலையும் கழுத்து ஆணிகளும் இல்லை. இது போலியா? ஒரு தலைவரை இப்படிக் காட்டுவது சட்டப்படி சரிதானா என்ற ஐயமும் இருக்கிறது.

பதில்: தோற்றம் மாறியிருப்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்; முறையாகத் தயாரிப்பவர்தான் அப்படி மாற்றுவார். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் நாவல் 1818இலும், பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா 1897இலும் வெளியானவை. அந்தப் பாத்திரங்கள் இன்று எல்லோருக்கும் பொது. தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் நாவலில் இல்லை. யுனிவர்சல் நிறுவனத்தின் 1931ஆம் ஆண்டுப் படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் உருவாக்கிய தோற்றம் அது. அந்தக் காலப் படங்களுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு என்பதால், உரிமம் பெறாதவர்கள் அந்த அடையாளங்களைத் தவிர்க்கிறார்கள். உரிமம் பற்றிய குறிப்பே இல்லாத பெட்டியில் திரைப்பட முகம் அச்சு அசலாக இருந்தால், அப்போதுதான் ஐயப்பட வேண்டும்.

தலைவரின் உருவத்தைப் பொறுத்தவரை, வாங்கும் உங்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. வழக்கு வந்தால் அது தயாரிப்பாளரின் தலைவலி. கலிபோர்னியா ஆளுநராக இருந்த ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், தம்மைத் துப்பாக்கியுடன் காட்டிய தலையாட்டிப் பொம்மைக்கு எதிராக 2004இல் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது. அரக்கப் பொம்மைகளுக்கு இதைவிட நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. ஜானி வின்டர், எட்கர் வின்டர் என்னும் இசைக்கலைஞர்களைப் பாதி மனிதர், பாதி புழுவாக வரைந்த காமிக்ஸ் பற்றிய அந்த வழக்கில், ஆளின் உருவத்தை அப்படியே நகலெடுக்காமல் வேறொன்றாக மாற்றிய படைப்புக்குக் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஒரு தலைவருக்கு ஓநாய்முகம் வைப்பது, அவரை உள்ளபடி வடிப்பதைவிடச் சட்டத்தின்முன் வலுவான நிலையில் இருப்பது வேடிக்கைதான்.

கேள்வி: அமெரிக்கக் கடை ஒன்றில் முன்பதிவு செய்து முழுத் தொகையையும் செலுத்தினேன். சொன்ன தேதி கடந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, இணையத்தில் விற்பவர் தாம் சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப வேண்டும், காலம் எதுவும் சொல்லியிருக்காவிட்டால் பொதுவாக 30 நாள். இயலாவிட்டால், காத்திருக்கச் சம்மதமா அல்லது பணம் திரும்ப வேண்டுமா என்று உங்களைக் கேட்டாக வேண்டும். எனவே இரத்து செய்வதாக எழுத்தில் தெரிவியுங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் அட்டை நிறுவனத்திடமும் முறையிடலாம். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் முன்பதிவுகளில் அந்தக் காலம் ஓசையின்றிக் கடந்துவிடும் என்பதால், “அடுத்த மாதம் வந்துவிடும்” என்ற பதிலை இரண்டாம் முறை கேட்டதுமே செயல்படுவது நல்லது. கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டு நிதித் தளங்களில் பணம் கொடுப்பது திட்டத்துக்கு ஆதரவளிப்பதே அன்றிக் கடையில் பொருள் வாங்குவது அன்று. அங்கே இழந்தாலும் பாதகமில்லை என்ற தொகையை மட்டும் போடுங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் பரிசளிக்கலாமா?

பதில்: பெட்டியில் பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள் என்றோ 14 வயதுக்கு மேல் என்றோ இருந்தால் வேண்டாம். அமெரிக்காவில் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருள்களுக்கே ஈயம், தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலக்கும் வேதிப்பொருள்) ஆகியவற்றின் அளவில் கடுமையான கட்டுப்பாடும் கட்டாயப் பரிசோதனையும் உண்டு. பெரியவர்களுக்கான பொம்மை அந்தச் சோதனைகளைக் கடக்காமலே விற்பனைக்கு வந்திருக்கக்கூடும்.

கேள்வி: டிராகுலா பொம்மையின் உடல் பிசுபிசுப்பாகிவிட்டது, மேலங்கியின் கருஞ்சாயமும் தோளில் படிந்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: பிசுபிசுப்பு, மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் கலந்துள்ள நெகிழ்வூட்டி மேற்பரப்புக்குக் கசிவதால் வருகிறது; வெப்பம் அதை விரைவுபடுத்தும். வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான தூரிகையால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். மீண்டும் கசியக்கூடும், அப்போது மறுபடி கழுவலாம். நகப்பூச்சு நீக்கியையோ ஆல்கஹாலையோ தொடவே வேண்டாம், முகத்தின் வண்ணமும் சேர்ந்து போய்விடும். பிளாஸ்டிக்குக்குள் ஊறிய சாயக்கறை பெரும்பாலும் முழுமையாக நீங்காது. அதனால் இனி மேலங்கியைத் தனியே கழற்றி வையுங்கள். அணிவித்தே வைக்க விரும்பினால், துணிக்கும் தோளுக்கும் இடையே மெல்லிய, நிறமற்ற பாலித்தீன் துண்டு ஒன்றை வெளியே தெரியாதபடி வெட்டி வையுங்கள்.