சின்னக் கை உள்ளவருக்கு ஷார்ட் ஸ்கேல் ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார் சரிவருமா?

கை சின்னது, ஒலிக்கும் தந்தியின் நீளம் 34 இன்ச் உள்ள வழக்கமான பேஸ் எட்டவில்லை, கழுத்தில் ஃப்ரெட் என்ற குறுக்குக் கம்பிகள் இல்லாத ஃப்ரெட்லெஸ் ஓசையும் பிடித்திருக்கிறது, ஷார்ட் ஸ்கேல் எனும் 30 இன்ச்சில் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடமாக நான் வாசிப்பது அதைத்தான் என்பதால் பேசாமல் கடந்துபோக மனசு வரவில்லை.

எடுக்கலாம். ஆனால் விரல் எட்டும் என்ற ஒரே காரணத்துக்காக எடுக்காதீர்கள். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எனக்கு ஊர் காசிமேடு. பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் பந்து பட்டு இடது சுண்டுவிரல் முறிந்தது. இன்றும் முழுசாக நீளாது. பெரிய பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட்டுக்கு 13 சென்டிமீட்டர் விரிக்க வேண்டும். 30 இன்ச்சில் அது பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் என்னை வாசிக்க வைத்தது. "அது சின்னப் பசங்க வாசிக்கிறது" என்று சொல்பவர்கள் வருவார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் வயலின் பேஸ் 30 இன்ச்தான். ஃப்ரெட்லெஸ் பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது 34 என்பார்கள், அதுவும் உண்மைதான், அவர் கை அப்படி.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சாதாரண பேஸ். ஒரு தவக்காலத்தில் ஃப்ரெட்டுகளை நானே எடுத்தேன். சால்டரிங் அயர்னால் ஒவ்வொன்றையும் சூடாக்கி, குறடால் மெதுவாக நெம்பி எழுப்பி, அந்தப் பள்ளங்களில் தச்சு வேலை செய்யும் மாமா ஈட்டி மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்துக் கொடுத்தார். உரசி மெருகு போட்டதும் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பார்க்க அவ்வளவு அழகு. நான் மாட்டிக்கொண்டதும் அந்த அழகால்தான்.

நான் ராயபுரத்தில் ஒரு கோயிலில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். பாஸ்கா இரவு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாடு, கோயில் முழுக்க இருட்டு, கையில் மெழுகுவர்த்தி. பெரிய வியாழனோடு அடங்கிய வாத்தியமெல்லாம் "உன்னதங்களிலே" தொடங்கும்போது மணியோசையோடு ஒன்றாக எழும்ப வேண்டும். பீடத்தில் விளக்கு வந்துவிட்டது, எங்கள் பக்கத்து டியூப்லைட் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. பாட்டு ஜி மேஜர். கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் வெள்ளைப் புள்ளியை மட்டும் பார்த்து ஈ தந்தியில் விரல் வைத்தேன்.

அந்தப் புள்ளி இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் இருக்கிறது என்பதை அந்த நொடி வரைக்கும் நான் யோசித்ததில்லை. ஃப்ரெட் உள்ள பேஸில் புள்ளிக்கு நேரே அழுத்தினால் போதும், முன்னால் இருக்கும் கம்பி சுரத்தைச் சரியாக எடுத்துக் கொடுக்கும். கம்பியைப் பிடுங்கிய பிறகு, கம்பி இருந்த கோட்டின் மேலேயே விரல் உட்கார வேண்டும். நான் 2 சென்டிமீட்டர் பின்னால் இருந்தேன். அரைச் சுரத்தில் பாதி இறக்கம். அவ்வளவு ஜனமும் சந்தோஷமாகப் பாடுகிறது, அடியில் என் பேஸ் அழுகிறது. கீபோர்டு அண்ணன் குனிந்து, "இன்னாப்பா, சுருதி கீழ நிக்குது" என்றார். அந்தப் பாட்டு முடியும்வரை தந்தியைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கையின் வெள்ளை நெயில் பாலிஷை எடுத்து, பழைய கோடுகளுக்கு நேராகப் புதுப் புள்ளி வைத்தேன். இன்றும் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். கோடு பார்த்து வாசிப்பவன் ஃப்ரெட்லெஸ்காரனே இல்லை என்பவர்கள் ஒருநாள் இருட்டில் வாசித்துப் பார்க்கட்டும்.

ஷார்ட் ஸ்கேலில் இன்னொரு விஷயமும் உண்டு. அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டினால், 34-ஐவிட 30-ல் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தந்தி தொளதொளவென்று இருக்கும். ஓங்கி மீட்டினால் சுரம் கொஞ்சம் ஏறிப் பிறந்து, பிறகு இறங்கி நிற்கும். வலது கையை மென்மையாக்கத்தான் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனால் அந்தத் தொளதொளப்பில்தான் வழுக்கிப் போகும் அந்த மனிதக் குரல் மாதிரியான ஓசையும் வருகிறது. கானாவுக்கு வாசிக்கும்போது பாடுகிறவர் ஒரு வார்த்தையை இழுத்தால் நானும் கூடவே இழுக்க முடிகிறது.

கானா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே ஒரு இசை வகுப்பில் சேரப் போனபோது எந்த ஏரியா என்று கேட்டார்கள். காசிமேடு என்றேன். "அப்போ கானாதானே, இங்கே அது கிடையாது" என்று வாசலிலேயே பதில் வந்தது. நான் வாசித்துக் காட்டவே இல்லை. கானாவை நான் குறைவாக நினைக்கவில்லை. விலாசத்தை வைத்து என் காதை அளந்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதிவிட்டேன்.

சரி, வாங்குவதானால் தட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்தி போடுங்கள். உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் மரத்தை அறுக்கும். ஷார்ட் ஸ்கேலுக்கு உள்ள செட்டையே கேட்டு வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக்காற்றில் எங்கள் வீட்டில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. தினமும் தம்பூரா ஆப்பை ஓடவிட்டு, கண்ணை மூடி, டி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்து, பக்கத்தில் திறந்த ஜி தந்தியோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகும் வரை அலை அலையாக ஒரு நடுக்கம் கேட்கும். அது மெதுவாகி மெதுவாகி நிற்கிற இடத்தில் விரலை வையுங்கள்.