இணையம் வந்தபின் பத்திரிகை, வானொலிப் பழக்கத்தில் நாம் இழந்தது என்ன?

"இணையம் வந்ததும் பத்திரிகை படிப்பது போச்சு, வானொலி போச்சு, குடும்பமாக உட்கார்ந்து டிவி பார்ப்பதும் போச்சு. அன்றாட வாழ்க்கையில் நாம் இழந்தது எவ்வளவு? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முன் வந்த பதில்களையும் படித்தேன். எல்லோர் வீட்டிலும் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார், பக்கத்தில் காபி ஆவி பறந்திருக்கிறது. உங்கள் வீடும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. சந்தோஷம். எங்கள் வீடு வேறு மாதிரி. அதனால் பதிலும் வேறு மாதிரிதான் வரும்.

நான் இருப்பது நீலகிரியின் மேற்கு ஓரம், பந்தலூர் பக்கம். ஊட்டி என்றதும் உங்களுக்கு நினைவு வரும் ரோஜாத் தோட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. கேரளா கூப்பிடு தூரம். அம்மா, அப்பா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் பிறந்தது லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். லயத்தில் திண்ணை கிடையாது. கதவைத் திறந்தால் வாசல், வாசலைத் தாண்டினால் அடுத்த லயத்தின் பின்சுவர்.

பத்திரிகை வந்தது, வராமல் இல்லை. கீழே முக்கில் இருந்த டீக்கடைக்குக் கோவையிலிருந்து கூடலூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பேப்பர் வரும். மழைக்காலத்தில் மதியம்தான். சில நாள் மறுநாள். அதை அப்பாதான் சத்தமாகப் படிப்பார், மற்ற ஆண்கள் கேட்பார்கள். எங்கள் வரிசையில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான். யாருக்குக் கடிதம் வந்தாலும் அப்பாவிடம்தான் வரும். அதனால் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

அம்மா அந்தக் கடை பெஞ்சில் ஒரு நாள்கூட உட்கார்ந்தது கிடையாது. எந்தப் பெண்ணும் உட்கார மாட்டாள். சீனி வாங்கினாயா, சில்லறையை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு நட. அம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து சின்ன வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள், தங்கச்சி தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று. விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு) ஓடி, பொழுது சாயும்வரை கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து வந்து மறுபடி அடுப்பு. இப்படி இருந்தவரிடம் போய் "பத்திரிகை படிக்கும் பழக்கத்தை இணையம் கெடுத்துவிட்டதே அம்மா" என்று கேட்டால் என்ன சொல்வார்?

வானொலி இன்னும் சுவாரசியம். தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். இந்தியாவுக்கு வந்த பிறகும் அவர் காது அங்கேதான் இருந்தது. காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' போட்டால்தான் அவருக்கு விடியும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது இருவரைப் பற்றியும் வீட்டு ஆட்களைப் போலப் பேசுவார். இதெல்லாம் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீட்டில் நடந்த கதைதான், தெரியும். ஆனால் அந்தப் பெட்டியை தாத்தா தவிர யாரும் தொடக்கூடாது. அம்மா தனக்குப் பிடித்த பாட்டு வந்தால் அடுப்படியிலிருந்து கேட்கலாம், அவ்வளவுதான். ஸ்டேஷனை மாற்றுகிற வேலை ஆண்களுடையது. 2006-இல் அரசு தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் எங்கள் லயங்களுக்கும் பெட்டி வந்தது. ரிமோட் அப்பாவிடம் போனது, அவர் அயர்ந்தால் தம்பியிடம். குடும்பமாக உட்கார்ந்து டிவி பார்த்தோம் என்று எல்லோரும் உருகுகிறீர்கள். என்ன பார்ப்பது என்று யார் முடிவு செய்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லையே.

"பெண்ணியம் பேச வந்துவிட்டாள்" என்று கீழே ஒருவர் வருவார். வரட்டும். நான் என் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்வியும் அதுதானே.

போன் எங்களிடம் வந்ததும் ஒழுங்காக வரவில்லை. எல்லை ஓரம் என்பதால் கேரள டவரைத்தான் முதலில் பிடிக்கும். வீட்டு வாசலில் நின்று பேசினாலும் அப்போது ரோமிங் காசு போகும். தமிழ்நாட்டு சிக்னல் வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி வளைவுவரை ஏற வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, அடுத்த மார்ச் வரை இலவசம் என்றதும் திருப்பூரில் வேலை பார்த்த தம்பி ஒரு போன் வாங்கி அனுப்பினான். ஆளாளுக்குத் தொட்டிப் பக்கம் போய் நின்றார்கள். அம்மா அதைத் தொடவே இல்லை. எழுத்து நிறைய இருந்தது, பயம்.

அவருக்கு வழி திறந்தது மைக் பொத்தான்தான். கூகுள் 2017 ஆகஸ்டில் குரல் தேடலைத் தமிழுக்கும் கொண்டுவந்தது. பேசினால் அது எழுதிக்கொள்ளும் என்று காட்டியதும் அம்மா முதலில் நம்பவில்லை. எதிர் மலைச் சரிவில் நிற்பவளைக் கூப்பிடுவது போலக் கத்தினார். "ஏ, காமன் கூத்து போடு!" வந்தது. மாசி மாதம் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடுகிற கூத்து அது. இங்கே வந்து சேர்ந்தவர்களும் ஆடினார்கள், பிறகு ஆள் குறைந்து பல இடத்தில் நின்றுபோனது. அம்மா சின்ன வயதில் இலங்கையில் பார்த்த அதே ரதி, அதே மதன், அதே தப்பு மேளச் சத்தம், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் யாரோ போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அம்மா தான் நினைத்ததைத் தானே போட்டுப் பார்த்தார்.

அதிலிருந்து அடுத்த படி பெரியம்மா. இதைச் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த எங்கள் ஆட்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அதற்கும் முன்பே இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக ஆக்கியிருந்தது. ஒரே வீட்டில் ஒருவர் இந்த மனு, இன்னொருவர் அந்த மனு. அம்மாவின் அக்கா கல்யாணமாகிப் போன வீடு இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த வீடு. அவர் அங்கேயே நின்றுவிட்டார். தாத்தா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார். கடிதம் கொஞ்ச காலம் வந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்களை அகதி என்று சொல்லாதீர்கள். 83-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகில் வந்தவர்கள் அகதிகள்; அவர்களுடைய வலி தனி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு அரசுகள் பேசி முடிவு செய்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு கொண்டுவரப்பட்ட தாயகம் திரும்பியோர். எங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இந்த மலைகளில் தேயிலை நட ஆரம்பித்தது, அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இருந்தும் ஒரு சான்றிதழுக்குப் போனால் கவுன்டரில் இருப்பவர் "சிலோன் அகதியா? முகாம் எது?" என்று கேட்கிறார். அம்மாவுக்காக ஒரு ஆன்லைன் படிவம் நிரப்பப் போனேன். பிறந்த ஊர் கட்டத்தில் நுவரெலியா போட வழியே இல்லை, தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கிருந்த ஊழியர் "ஏதாவது ஒண்ணு போடுங்கக்கா" என்றார். ஏதாவது ஒன்று! சரி, இதை விட்டுவிடுகிறேன், எழுத ஆரம்பித்தால் நிற்காது.

பெரியம்மாவின் பேரன் ஒருவன் ஃபேஸ்புக்கில் தாத்தாவின் பெயரையும் பழைய தோட்டத்தின் பெயரையும் போட்டு விசாரித்திருந்தான். எங்கள் சித்தப்பா மகன் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் பழைய போட்டோவை அனுப்பி உறுதி செய்துகொண்டோம். முதல் வீடியோ காலுக்கு நாங்கள் எல்லோரும் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தோம். அக்காவும் தங்கச்சியும் கொஞ்சம் அழுதார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் பேச்சு பாட்டியின் மூக்குத்தி யாரிடம் போனது என்ற வழக்குக்குத் திரும்பிவிட்டது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

இப்போது வாராவாரம் பேசுகிறார்கள். பேச்சில் பாதி கூலிக் கணக்கு. 2021-இல் இலங்கைத் தோட்டங்களில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதும் அம்மா வாயைப் பிளந்தார். "நம்ம காசுக்கு நானூறுகூட வராதும்மா" என்று தம்பி சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். அடுத்த வருஷம் அங்கே ரூபாய் சரிந்து அதே ஆயிரம் இங்கே இருநூற்றுச் சொச்சம் ஆனது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவு கிடைக்கவில்லை, ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்கூட மின்வெட்டு. இங்கே டிவியில் கொழும்புப் போராட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் அரிசிக்கு என்ன பாடு என்பதை அம்மா தன் அக்கா வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பேப்பரும் அவருக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்காது.

இழந்தது யார் என்று கேட்டால், அப்பா. இதை ஒளிக்க மாட்டேன். டீக்கடையில் இப்போது ஆளுக்கொரு போன். யாரும் அவரைப் படிக்கச் சொல்வதில்லை. கடைக்குப் பேப்பர் வருவதும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தலூர் போய் ஒன்று வாங்கிவந்து எழுத்து விடாமல் படிக்கிறார். அம்மா அதற்குள் பாதிச் செய்தியைப் பேசி முடித்திருப்பார், அது அவருக்கு எரிச்சல். ஆனால் அவர் சொல்கிற ஒரு வாதத்துக்கு எனக்கு இன்றுவரை பதில் இல்லை. பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர், அச்சகத்தின் முகவரி என்று ஒரு வரி இருக்குமே, அதை விரலால் தொட்டுக் காட்டுவார். "தப்பா எழுதினா இந்த ஆளப் போய்ப் பிடிக்கலாம். உன் போன்ல வர்றதுக்கு யாரைப் பிடிப்ப?" அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரைப் போட வேண்டும் என்று 1867-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அவர் சும்மா பார்த்தே பிடித்துவைத்திருந்தார்.

அம்மாவிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. பக்கத்தில் இருக்கும் எழுத்தை அவரால் படிக்க முடியாது, அம்பு புரியும். இரட்டை அம்பு வந்தால் "ஊரான் பேச்சு" என்று ஒதுக்கிவிடுவார். தெரிந்தவர் தன் குரலில் பேசி அனுப்பினால்தான் நம்புவார்.

2024 ஜூலை 30 விடியற்காலையில் கேரளாவின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நிலம் சரிந்தபோது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். எங்களிடமிருந்து வடுவஞ்சால் வழியாகப் போனால் மேப்பாடி தூரமில்லை. லயத்தில் பலருக்கு அங்கே உறவு. குரூப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடியோ. இங்கேயும் மலை பிளந்துவிட்டது, உடனே வீட்டைக் காலி செய்யுங்கள் என்று ஒன்று. பக்கத்து வீட்டில் துணி மூட்டை கட்டியே விட்டார்கள். அம்மா அம்பைப் பார்த்துவிட்டு மேப்பாடியில் இருக்கும் பழைய கூட்டாளிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அப்பா பேட்டரி ரேடியோவை எடுத்து மலையாளச் செய்தி வைத்தார், எங்களுக்கு அதுதான் தெளிவாகக் கேட்கும். பதில் முதலில் வந்தது அம்மாவுக்கு. எத்தனை லயம் போனது என்ற சரியான விவரம் வந்தது ரேடியோவில். இருவரும் இதை வைத்து இன்னும் சண்டை போடுகிறார்கள்.

"அப்படியானால் இணையத்தில் கெடுதலே இல்லையா" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, நான் அவ்வளவு வெகுளி இல்லை. எங்கள் வரிசையிலேயே ஒரு பையன் கடன் ஆப்பில் மாட்டி ஊரை விட்டு ஓடியிருக்கிறான். பிள்ளைகள் தூங்குவதில்லை. அம்மாவுக்கே கண் எரிச்சல், டாக்டர் திட்டினார், கேட்கவில்லை.

எங்களுக்கு உண்மையில் இருக்கும் பிரச்சினை இணையம் வந்தது இல்லை, அது நினைத்தால் போய்விடுவது. ஜூன் பிறந்து தேவாலா பக்கம் மழை பிடித்தால் மரம் விழும், கரண்ட் போகும், சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் இறங்கிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வரவேண்டுமாம், ரோடு சரியாகட்டும் என்பார்கள். ரோடு எப்போது சரியாகும் என்று கேட்க வேண்டுமானால் போனில் சிக்னல் வேண்டும். புகார் கொடுக்கிற நம்பருக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டி வளைவில் நனைந்துகொண்டு நின்று பேசினேன். "உங்கள் புகாரை ஆப்பில் பதிவு செய்யுங்கள்" என்றார்கள்.