சூளையை விட்டு வந்தால் போதுமா? கொத்தடிமை மீட்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊருக்கு வெளியே உள்ள செங்கல் சூளையில் ஆறு இருளர் குடும்பங்கள் தங்கிக் கல் அறுக்கின்றன. "எல்லாரும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு விரும்பி வந்தவர்கள்தான்" என்கிறார் முதலாளி. இது கொத்தடிமையா? நாங்கள் என்ன செய்யலாம்?
(வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: விரும்பி வந்தவரும் கொத்தடிமை ஆகலாம். முன்பணத்தைக் காட்டி, நினைத்த இடத்துக்குப் போகும் உரிமை, வேறு வேலை தேடும் உரிமை, குறைந்தபட்சக் கூலி இவற்றில் ஒன்றைப் பறித்தாலும் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பொருந்தும். அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது (பிரிவு 15).

சில விஷயங்களைக் கவனியுங்கள். வாரக் கடைசியில் தருவது கூலியா, சாப்பாட்டுச் செலவுக்கான காசு மட்டுமா? கணக்கு நோட்டு யார் கையில்? மழையில் கரைந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லின் நஷ்டத்தை யார் தலையில் எழுதுகிறார்கள்? சொந்த ஊரில் சாவு விழுந்தால் குடும்பத்தோடு போக விடுகிறார்களா, புருஷனை மட்டும் அனுப்பிவிட்டு மனைவி மக்களை நிறுத்திக்கொள்கிறார்களா? எங்கள் பார்வையில் இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே பாதி விசாரணை.

முதலாளியிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். சேதி கசிந்தால் அன்று ராத்திரியே வண்டி வைத்து ஆட்களை வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் அதே வினையைத்தான் செய்யும். சூளைக்குப் போகும் வழி, குடும்பங்களின் எண்ணிக்கை, குழந்தைகள் எத்தனை பேர், சொந்த ஊர், வாங்கிய முன்பணம் ஆகியவற்றை எழுதி, சார் ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் வேலை செய்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

விசாரணை சூளைக்குள்ளேயே, முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிவரும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது நடந்தால், "நல்லாத்தான் இருக்கோம் சார்" என்றுதான் பதில் வரும். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். புறப்படும்போது ரேஷன் கார்டு, ஆதார், பாத்திரம், கோழி, ஆடு வரை எல்லாம் வண்டியில் ஏறட்டும். விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பப் போகிறவர்களை மறுபடி மடக்குவது சுலபம்.

கேள்வி: மீட்கப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. என் அக்கா குடும்பத்துக்கு ஒரு பைசா வரவில்லை. அலைந்து ஓய்ந்துவிட்டோம்.
(வாசகி, செய்யாறு)

பதில்: முதலில் கையில் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள், அம்மா. மீட்கப்பட்டவர்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தரும் விடுதலைச் சான்றிதழ் உங்கள் மாமா பெயரில் மட்டும் இருக்கிறதா? அடிக்கடி நடக்கும் தவறு இது. மண் மிதித்த அக்காவுக்கும், கல் அடுக்கிய பிள்ளைக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் அவர்களுக்கான உதவி கணக்கிலேயே வராது. விடுபட்டவர்களின் பெயரோடு, சான்றிதழ் வழங்கிய அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள்.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி ஆளுக்கு 30,000 ரூபாய் வரை. இதைப் பெற முதலாளி மீதான வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணம் சிக்கும் இடம் பெரும்பாலும் வங்கிதான்: சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து மாறிய பெயர், வருஷக்கணக்கில் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு. இம்மூன்றையும் முதலில் சரி பாருங்கள்.

அதற்கு மேல் வரும் தொகை ஆணுக்கு 1 லட்சம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். இதன் இறுதிப் பட்டுவாடா வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 15100-ஐ அழைத்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். வீட்டுமனை, சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றுக்கும் இப்போதே மனுப் போடுங்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தருவதும் அதே கோட்டாட்சியர் அலுவலகம்தான். வடமாவட்டங்களில் மீட்கப்பட்டவர்களே சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களைத் துணைக்குக் கூட்டிப் போனால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

கேள்வி: பழைய முதலாளி தினமும் போன் செய்து 40,000 ரூபாய் பாக்கி கேட்கிறார். கொடுத்துத் தொலைத்துவிடலாமா?
(வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொத்தடிமைக் கடன் சட்டப்படி அழிந்துவிட்டது (பிரிவு 6). அதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. வாங்கிக்கொண்டால் வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை (பிரிவு 9). அழைப்பு வந்த தேதி, நேரம், எண்ணைக் குறித்து வைத்து, சான்றிதழின் நகலோடு காவல் நிலையத்திலும் கோட்டாட்சியரிடமும் புகார் கொடுங்கள். வாசலில் வந்து நின்று மிரட்டினால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

கேள்வி: சீசன் தொடங்கும் முன்பே தடுக்க எங்கள் மகளிர் குழு என்ன செய்யலாம்?
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு, மஞ்சள் நீராட்டு போன்ற சின்னத் தேவைகளுக்குத்தான் முன்பணம் உள்ளே நுழைகிறது. இந்தத் தேவைகளுக்கு ஒரே நாளில் கொடுக்கும்படி குழுவில் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். நான்கு நாள் கழித்துக் கிடைக்கும் கடனால் பயனில்லை, அதற்குள் மேஸ்திரி கொடுத்துவிட்டிருப்பார். போயே தீருவோம் என்கிறவர்களிடம் மேஸ்திரியின் பெயர், போன் எண், சூளை இருக்கும் ஊர், வாங்கிய தொகை, கூடப் போகும் குழந்தைகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆதார் அசலைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். வாரம் ஒருமுறை குழுவிலிருந்து யாராவது அழைத்துப் பேசுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து போன் எடுக்கவில்லை என்றால், அந்த நோட்டோடு கலெக்டர் அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.