அப்பாச்சி-பிஎச்பி ஜோடியை நம்பி வேலைக்குப் போகலாமா?

தம்பி, ஒரு வருடமாக அப்பாச்சி என்ற வெப் சர்வரையும் பிஎச்பி மொழியையும் படித்துவிட்டு, "இந்த ஜோடி ப்ரொடக்‌ஷனுக்கு ஆகாது" (அதாவது, நிஜப் பயனர்கள் வரும் தளத்துக்கு) என்று சீனியர் சொன்னதும் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். ஆனால் அவர் சொன்னதும் வெறும் புரளி இல்லை.

2002இல் அப்பாச்சி 2.0 வந்தபோது, ஒரே புராசஸுக்குள், அதாவது ஓடும் ஒரு புரோகிராமுக்குள், பல த்ரெட்கள் (நினைவகத்தைப் பகிர்ந்து ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) ஓடும் முறையும் சேர்ந்து வந்தது. பிஎச்பி நம்பியிருந்த சில லைப்ரரிகளோ (ஆயத்தக் கோட் தொகுப்புகள்) த்ரெட்களுக்குத் தோதாக எழுதப்பட்டவை அல்ல. எங்கே, எப்போது சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான், த்ரெட் முறையில் இரண்டையும் சேர்த்து ப்ரொடக்‌ஷனில் ஓட்டாதீர்கள் என்று பிஎச்பி கையேடே எச்சரித்தது. ஒவ்வொரு கோரிக்கையையும் தனி புராசஸ் கவனிக்கும் பழைய ப்ரீஃபோர்க் முறையில் இந்தத் தொல்லை கிடையாது. இந்தப் பாதி மட்டும் வாய்வழியாக வரும்போது உதிர்ந்துவிட்டது.

அப்புறம் 2010இல், 5.3.3 பதிப்போடு, பிஎச்பி புராசஸ்களை நிர்வகிக்கும் எஃப்பிஎம் பிஎச்பிக்குள்ளேயே வந்தது. பிஎச்பி தனி புராசஸாக ஓடும். சர்வர் கோரிக்கையை அதனிடம் தள்ளிவிடும். முன்னால் அப்பாச்சி இருந்தாலும் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர் இருந்தாலும் த்ரெட் சண்டைக்கே இடமில்லை. விக்கிப்பீடியா ஓடுவதும் பிஎச்பியில்தான்.

ஆனால் உங்கள் புராஜெக்டை பிஎச்பியோடு வரும் உள்சர்வரில் ஓட்டிக் காட்டுகிறீர்கள் என்றால், சீனியர் பக்கம்தான் நியாயம். அது எழுதிப் பார்ப்பதற்கு மட்டும். பைத்தான் மொழியின் ஃப்ளாஸ்க் கருவியோடு வரும் சர்வரும் அப்படித்தான், தொடங்கும்போதே எச்சரித்துவிடும்.

ஆக, இன்டர்வியூவில் பெயர்களைக் கேட்பதைவிட, இரண்டையும் எப்படி இணைத்தீர்கள் என்றுதான் துருவுவார்கள். இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பத்து விநாடி சும்மா தூங்கும் ஒரு ஸ்கிரிப்டை எஃப்பிஎம்மில் வைத்து, ஆறு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். (டெர்மினலிலிருந்து அனுப்புங்கள், பிரவுசர் ஒரே முகவரியை வரிசையில் நிறுத்திவிடக்கூடும்.) எஃப்பிஎம்மோடு வரும் மாதிரி அமைப்பில் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி புராசஸ்களின் வரம்பு) 5 என்று இருக்கும். ஐந்து பதில்கள் பத்து விநாடியை ஒட்டி வரும், ஆறாவது ஏறக்குறைய இருபதில் வரும். எஃப்பிஎம்மின் லாகை (நடந்ததைக் குறித்து வைக்கும் ஃபைல்) திறந்தால் வரம்பு முட்டியது என்று ஒரு வரி இருக்கும்.

சரி, 50 ஆக்கிவிடலாமா? ஒரு புராசஸ் 50 எம்பி தின்கிறது என்று வையுங்கள்; ஐம்பதுக்கு 2,500 எம்பி. 2 ஜிபி மெஷின் மூச்சுத் திணறும். டேட்டாபேஸுக்கும் மற்றதுக்கும் பாதியை விட்டால் இருபதுதான் தேறும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்ததாகச் சொன்னாலே, எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

போகும் முன், பிழைகளைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே எரர்ஸ் என்ற பிஎச்பி அமைப்பை அணைத்துவிடுங்கள். டெமோ நடுவே டேட்டாபேஸ் பிழை வந்து, உங்கள் ஃபைல் பாதை முழுவதும் திரையில் விரிந்தால் அதுவரை பேசியதெல்லாம் வீண்.