எங்க ஊர்ல ஆலையே இல்லீங்க, புகை மட்டும் எப்படி?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோப்புக்குள்ள குடியிருக்கோமுங்க. சுத்துவட்டாரத்துல பெரிய ஆலை எதுவும் இல்லை. ஆனாலும் மார்கழி, தையில விடியக்காலம் புகை மண்டிக்குது, பையனுக்கு இழுப்பு வருது. அவங்கவங்க கொஞ்சம்தானே எரிக்கிறாங்க, அதுக்கா இவ்வளவு?

பதில்: அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஈர மட்டையும் குப்பையுமாக ஒரு கிலோ எரிந்தால், நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் (பிஎம் 2.5) சுமார் 10 கிராம் கிளம்பும் என்று வையுங்கள். நம் நாட்டில் 2009 முதல் ஒரு நாளுக்கான வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். காற்று அசையாமல் நின்றால், அந்த 10 கிராமே ஏறக்குறைய 1,66,000 கன மீட்டரை வரம்புவரை நிரப்பிவிடும். இரண்டரை ஏக்கர் தோப்பு, தென்னை உயரத்துக்கு! ஒரு கிலோவோடு யார் நிறுத்துகிறார்கள்?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழியில் இரவெல்லாம் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதற்கு மூடி. வெயில் ஏறும்வரை புகைக்குப் போக்கிடம் இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வீடு வெந்நீர் அடுப்பு மூட்டுகிறோம், அதுவும் மூக்கு மட்டத்தில். உயரமான புகைபோக்கியின் புகையாவது மேலே கலந்து நீர்த்த பிறகே நம்மிடம் வரும்.

அதனால் உங்கள் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்குங்கள். நன்றாகக் காய்ந்த தேங்காய்த் தொட்டி (சிரட்டை), விறகு மட்டும் போதும். பற்றவைக்கப் பாலிதீன் பை வேண்டவே வேண்டாம். புகைக்குழாய் கூரையைத் தாண்டி நிற்கட்டும். மட்டையைத் தூளாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரமும் காக்கும். எரித்தே தீருவேன் என்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பாருங்கள்.

அருகில் தொட்டிக்கரி சுடும் குழி இருந்தால் கதை வேறு. தொட்டியின் எடையில் கால் பங்கோ சற்றுக் கூடுதலோதான் கரியாக நிற்கும். மீதி புகையும் தாரும் நீராவியுமாகக் காற்றில். அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருப்பூர் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள்.

பையனை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். புகை கலையும்வரை ஜன்னலைச் சாத்துங்கள். கைக்குட்டை இந்தத் துகளைத் தடுக்காது. இழுப்பு வந்த நாள், மணி, அப்போது எந்தப் பக்கம் புகை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவரும் கேட்பார், மனுவுக்கும் ஆகும்.