கணினிப் பக்கம்: பேக்கப் இருந்தும் ரீஸ்டோர் ஆகவில்லையே!

கேள்வி: டெஸ்க்டாப்பின் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்றுவிட்டது. போன மாதம் எடுத்த விண்டோஸ் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், ஃபைல்கள் எல்லாம் சேர்ந்த டிஸ்க் நகல்), எக்ஸ்டர்னல் டிரைவில் இருக்கிறது. லேமிங்டன் ரோட்டில் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டினேன், ரீஸ்டோர் ஆகவில்லை. பழைய டிஸ்க் பாதிகூட நிரம்பவில்லையே?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: நிரம்பிய அளவு இங்கே கணக்கில் வராது. புது டிரைவின் மொத்தக் கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால்தான் விண்டோஸ் இமேஜை இறக்கும். 960 ஜி.பி.யும் போதாது. கடைக்காரர் மாற்றித் தந்தால் முழு 1 டி.பி. கேளுங்கள்.

8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் போட்டு, அதிலிருந்து பூட் செய்து 'ரிப்பேர்' வழியாகப் போங்கள். பழைய விண்டோஸ் யு.இ.எஃப்.ஐ. (கணினியைத் தொடங்கும் புதிய வகை பூட் முறை) முறையில் இருந்தால் பென் டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். இமேஜ் ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தாலோ வேறு ஃபோல்டருக்குள் வைத்திருந்தாலோ அது கண்ணிலேயே படாது. புது டிரைவ், இமேஜ் இருக்கும் டிரைவ், பென் டிரைவ் தவிர மற்ற டிரைவ்களைக் கழற்றிவிடுங்கள். தவறி அழிந்தால் மீட்பது கடினம்.

மாற்றித் தரவில்லையா? 500 ஜி.பி.யில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'அட்டாச் வி.ஹெச்.டி.' (டிஸ்க் நகல் ஃபைலை ஒரு டிரைவ்போல இணைக்கும் வசதி) கொடுத்து, 'ரீட் ஒன்லி' டிக் செய்து, இமேஜுக்குள் இருக்கும் பெரிய வி.ஹெச்.டி.எக்ஸ். ஃபைலைத் திறந்தால் உங்கள் படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் காப்பி செய்யலாம். புரோகிராம்களை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும்.

பேக்கப்புக்குப் பிந்தைய ஃபைல்கள் அவசியம் என்றால், சத்தமிடும் டிஸ்க்குக்கு இனி மின்சாரமே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் டேட்டாவைப் படிக்கும் பழுதான ஹெட், டேட்டா பதிந்திருக்கும் தட்டைக் கீறக்கூடும். நேராக டேட்டா ரிக்கவரி லேபுக்குக் கொண்டு போங்கள்.