அக்ரிமென்ட் முடிந்துபோன வீட்டில் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றலாமா?

தமிழ்நாட்டில் என்றால், "இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது" என்று சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது. ஆனால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

மடிப்பாக்கத்தில் மாடி போர்ஷனில் ஐந்து வருஷம் இருந்தோம். முதல் பதினொரு மாதத்துக்குத்தான் அக்ரிமென்ட். அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் மோட்டார் போடக் கீழே இறங்கியபோது வீட்டுக்காரர் படியிலேயே நிறுத்தினார். "தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து பதினாலு கொடுத்துடுங்க. மெட்ரோ வேற வருதுல்ல." அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது 11,000. மெட்ரோ வருகிற ரோட்டில் அன்றைக்குப் பள்ளமும் தகரத் தடுப்பும்தான் இருந்தன.

வருஷத்துக்கு 5, 10 சதவீதம் என்பது ஊர் வழக்கம், அவ்வளவுதான். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனு போட முடிந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அதற்குப் பதில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருக்கிறது. இதில் எழுத்தில் போட்ட ஒப்பந்தம்தான் எல்லாம், உயர்வும் அதன்படிதான். கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போட ஒத்துவராவிட்டால், அதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால் "பேப்பர் இல்லை, என்ன செய்துவிடுவார்" என்று தைரியமாக இருக்காதீர்கள்.

அதே சமயம் அவராகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது, பூட்டுப் போடவும் முடியாது. கோர்ட்டுக்கு அலைய அவருக்கும் மனசு வராது. பேச்சுவார்த்தைக்கு இடம் இருப்பது இங்கேதான்.

பழைய வாடகையைத் தேதி தவறாமல் அக்கவுன்ட்டில் போட்டுக்கொண்டே இருங்கள். புது வாடகையை "இந்த ஒரு மாசம் மட்டும்" என்று ஒருமுறை அனுப்பிவிட்டால், அதற்குச் சம்மதித்துவிட்டதாக அவர் சொல்ல இடம் கொடுத்துவிடும். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் மாட்டினான்.

நான் அதே தெருவில் இரண்டு வீடுகளின் வாடகையை விசாரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கீழே போனேன். "சார், 12,500 தர்றேன். ரெண்டு வருஷத்துக்கு எழுதிப் பதிவு பண்ணிடலாம், நடுவுல ஒரே தடவை 5 சதவீதம்" என்றேன். பணத்தைவிடப் பதிவுக்குத்தான் அதிகம் தயங்கினார். இன்கம்டாக்ஸ் பயம் என்று நினைக்கிறேன். பையன் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு, ஆள் மாறாமல் இருந்தால் தேவலை என்று வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து சொன்னதும் இறங்கி வந்தார்.

சப்-மீட்டருக்கு யூனிட் 9 ரூபாய் வாங்கியதை மட்டும் கடைசிவரை குறைக்கவே இல்லை.